ஓடி முடித்த நாய்க்கு வீடு புதிது

கேள்வி: நாங்கள் கிழக்கு லண்டனில் வசிக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், கணவரின் அம்மா என ஐந்து பேர். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற நான்கு வயது ஆண் கிரேஹவுண்ட் ஒன்றை ஒரு தொண்டு அமைப்பிடமிருந்து எடுத்துவந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முந்தாநாள் சோபாவில் படுத்திருந்தவனை மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள், உறுமினான். கடிக்கவில்லை. அன்றிலிருந்து மாமி "திருப்பிக் கொடுங்கள்" என்கிறார். பகல் முழுவதும் தூங்குகிறான். இரவில் நாங்கள் மேல்மாடிக்குப் போனால் படிக்கட்டின் அடியில் நின்று அழுகிறான். நடக்கக் கூட்டிச் சென்றால் பாதி வழியில் சிலைபோல நின்றுவிடுகிறான். வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போன இரண்டு மணி நேரமும் குரைத்தானாம். வயிறு இளகிப் போகிறது. பின்தொடையில் மயிரே இல்லை. இங்குள்ள மிருக வைத்தியர் இரத்தம் சோதித்து, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கணக்கும் கொஞ்சம் கூட என்றார். மாத்திரை தொடங்கலாமா? கணவர் வேலை முடிந்து வரும்போது அவனுடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கின்றன. இது குளிரா, வலிப்பா? தீபாவளி வேறு வருகிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முறைப்பாடுகளை எண்ணினால் ஒன்பது வருகிறது, தீபாவளியைச் சேர்க்காமல். அவற்றில் இன்றே கவனிக்க வேண்டியது உறுமல் ஒன்றுதான். இன்னும் இரண்டு மூன்றுக்குப் பழக்கமும் பொறுமையும் போதும். மிச்சமெல்லாம் மற்ற நாய்களுக்குரிய அளவுகோலால் கிரேஹவுண்டை அளந்ததால் நோய்போலத் தெரிபவை.

மாமி பயந்ததில் தவறில்லை. முப்பது கிலோவைத் தாண்டிய நாய் ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே உறுமினால் எனக்கும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் அந்தக் கணத்தை நாயின் பக்கமிருந்தும் ஒருமுறை பாருங்கள். அவன் பெரும்பாலும் அயர்லாந்தில் பிறந்தவனாக இருப்பான். பிரிட்டனில் ஓடும் கிரேஹவுண்டுகளில் பெரும்பான்மை அங்கிருந்து வருபவை. இரண்டு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்திய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் ஐரிஷ்காரன். குட்டியாகக் கூடப்பிறந்தவற்றோடு வளர்ந்தான், பிறகு பயிற்சியாளரின் கொட்டிலுக்கு வந்தான். அவனுக்குத் தீனி வைத்தவர்கள், காலைத் தேய்த்துவிட்டவர்கள், நிறை பார்த்தவர்கள், வாகனத்தில் ஏற்றி இறக்கியவர்கள் எத்தனையோ பேர். தூங்கும்போது வந்து மேலே விழுந்து கட்டிக்கொண்டவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். கொட்டிலின் கதவு திறக்கும் முன்பே அவன் எழுந்து வாலாட்டிக்கொண்டு நின்றிருப்பான். அன்று உங்கள் சோபாவில் ஆழ்ந்த தூக்கத்தில் திடீரென்று மேலே ஒரு பாரம் விழுந்தது. மூளை விழிப்பதற்குள் தொண்டை பேசிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். "அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்" என்று மகள் சொன்னால் அவளை நம்புங்கள். அவள் கண்டது திறந்த கண்ணைத்தான்.

இனிச் செய்ய வேண்டியவை. சோபாவை இப்போதைக்கு அவனுக்கு மறுத்துவிடுங்கள். யாரும் கடந்து நடக்காத ஒரு மூலையில் தடித்த மெத்தையைப் போடுங்கள். தடித்தது என்று சொல்வதற்குக் காரணம், அவன் உடம்பில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே கொழுப்பு மிகக் குறைவு. வெறுந்தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகிவிடும். அந்த மெத்தை அவனுடைய எல்லை. அதில் அவன் இருக்கும் நேரம் பிள்ளைகளுக்கு அவன் வீட்டிலேயே இல்லாத நாய். இந்த விதியை மகளுக்கு விளையாட்டுப்போலச் சொல்லிக் கொடுங்கள், ஐந்து வயதுக்கு அது நன்றாகவே பிடிபடும். அவனை எழுப்ப வேண்டுமானால் பெரியவர்கள் மட்டும், இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் கிட்டப் போகலாம். பெயர் என்றதும் ஒன்று: கொட்டிலில் அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று அந்த அமைப்பிடம் கேளுங்கள். பந்தயத் தாளில் இருக்கும் நீண்ட பெயரை அவன் கேட்டிருக்கவே மாட்டான். வீட்டில் வைத்த பெயரும் பன்னிரண்டு நாளில் அவனுக்கு வெறும் சத்தம்தான்.

உறுமியதற்காக ஏச வேண்டாம், அடிக்கவே வேண்டாம். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலைத்தான் விட்டுவிடும். அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மகளையும் அவனையும் ஒரே அறையில் விடாதீர்கள். அவன் மோசமான நாய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த நாய்க்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நடுவே நான் வைக்கும் விதி இதுதான். கட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக, அவன் நிற்கும்போது பக்கவாட்டில் நின்று கழுத்தையும் நெஞ்சையும் தடவச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்துவிட்டால் உடம்பை அப்படியே மகள்மேல் சாய்த்துவிடுவான். கிரேஹவுண்டுகள் அன்பைக் காட்டும் வழி அது. மகளுக்குச் சுவர் ஒன்று தேவைப்படலாம்.

விழித்திருக்கும்போது உறுமினாலோ, தீனித் தட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வந்தால் உடம்பு விறைத்து வெறித்துப் பார்த்தாலோ அது வேறு கதை. அன்றே அமைப்புக்குத் தொலைபேசி எடுங்கள். இத்தகைய அமைப்புகள் பொதுவாகத் தாங்கள் கொடுத்த நாயை எந்த வயதிலும் திரும்ப ஏற்றுக்கொள்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. வலி இருக்கும் நாயும் தொட்டால் உறுமும். பந்தய நாய்கள் எப்போதும் இடப்புறமாகவே வளைந்து ஓடுபவை. வளைவில் வரும் பாரம் வலது பின்காலின் கணுக்கால் மூட்டில் இறங்கும். அந்த மூட்டிலுள்ள சிறு எலும்பு முறிவது இவற்றுக்கே உரிய காயம். பழைய காயம் ஏதும் இருக்கிறதா என்று உங்கள் மிருக வைத்தியர் அழுத்திப் பார்க்கட்டும். பாதத்தின் மெத்தையில் கால்ஆணி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரேஹவுண்டுகளுக்கு அது வரும். சரளைக் கல்லில் நொண்டி, புல்லில் நன்றாக நடந்தால் அதுதான். பல்லையும் பார்க்க வேண்டும். கொட்டிலில் வருடக்கணக்காக மெத்தென்ற தீனி தின்ற நாய்களின் பற்கள் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

வைத்தியரைப் பற்றிப் பேசும்போதே இரத்தத்துக்கு வந்துவிடுகிறேன். மாத்திரை தொடங்க வேண்டாம், இப்போதைக்கு. ஆரோக்கியமான கிரேஹவுண்டின் தைராக்சின், அதாவது தைராய்டு சுரக்கும் ஹோர்மோனின் அளவு, ஆய்வுகூடத் தாளில் 'சாதாரணம்' என்று அச்சிட்டிருக்கும் எல்லைக்குக் கீழே இருப்பது வழமை. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் சற்றுக் கூட இருப்பதற்கு முக்கிய காரணம் தசை. இந்த நாய் முழுக்கத் தசைதான். சிவப்பணுக்களின் விகிதம் கூடவும் தட்டணுக்கள் குறையவும் இருந்திருக்கும், அதையும் பாருங்கள். லாப்ரடாருக்கு இந்தத் தாள் வந்தால் நானும் யோசிப்பேன், கிரேஹவுண்டுக்கு வந்தால் மடித்துக் கோப்பில் வைப்பேன். உங்கள் வைத்தியரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொது மருத்துவத்தில் இருப்பவர் வருடத்தில் ஓரிரண்டு கிரேஹவுண்டுகளைத்தான் பார்ப்பார். கிரேஹவுண்டுக்குரிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் தைராய்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.ஹெச் அளவையும் சேர்த்துப் பார்க்கலாம். சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்தால் சிறுநீரகக் கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தொடையில் மயிர் இல்லாததும் தைராய்டு சந்தேகத்துக்குத் தூபம் போட்டிருக்கும். பந்தய நாய்களில் அது எத்தனையோ தடவை பார்த்த காட்சி. பலவற்றுக்கு ஓய்வுபெற்ற சில மாதங்களில் மெல்ல முளைத்துவிடும். முளைக்காவிட்டாலும் அவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

பல் சுத்தம் செய்ய மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் இரண்டு விடயங்களை நினைவுபடுத்துங்கள். தயோபென்டல் வகை மயக்க மருந்திலிருந்து கிரேஹவுண்டுகள் எழுவதற்கு நீண்ட நேரம் எடுக்கும். இன்று அது அரிதாகத்தான் பயன்படுகிறது என்றாலும் சொல்லிவைப்பது நல்லது. இரண்டாவது இன்னும் முக்கியம்: சில கிரேஹவுண்டுகளுக்கு அறுவை முடிந்து ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து இரத்தம் கசியத் தொடங்கும். அதைத் தடுக்க டிரனெக்சமிக் அமிலம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பல் பிடுங்கிய மறுநாள் எல்லாம் சரி என்று நினைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

தூக்கத்துக்கு வருவோம். 1926 ஜூலை 24 ஆம் திகதி மான்செஸ்டரின் பெல் வூ திடலில் இயந்திர முயலின் பின்னால் நாய்கள் ஓடிய நாளிலிருந்து இந்த நாட்டில் பந்தயக் கிரேஹவுண்டின் வேலை ஒன்றுதான். சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள், கறுப்பு வெள்ளைக் கோடு என்று மேலங்கி போட்ட ஆறு நாய்கள் பெட்டியிலிருந்து பாய்ந்து, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்று ஓட வேண்டும். உங்கள் பக்கத்திலிருக்கும் ரொம்ஃபோர்ட் திடலின் 400 மீட்டர் ஓட்டத்தை நல்ல நாய் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். கிழமைக்கு ஒன்றோ இரண்டோ ஓட்டம், நடுவே கொஞ்சம் பயிற்சி, மிச்ச நேரமெல்லாம் படுக்கை. பந்தய நாய் என்றால் காலையும் மாலையும் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைப் பிய்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் குணம் வேலைக்கென்று வளர்த்த ஆட்டுநாய்களுக்குத்தான். இவனுக்கு இருபது இருபத்தைந்து நிமிட நடை, நாளுக்கு இரண்டு தடவை போதும்.

நடையில் சிலையாவதும் சோம்பலால் அல்ல. கொட்டிலைச் சுற்றியிருந்த உலகம் சிறியது. இங்கே பஸ் சீறி நிற்கிறது, குப்பை வண்டி வருகிறது, ஸ்கூட்டரில் பிள்ளைகள் பறக்கிறார்கள். தாங்க முடியாதபோது அவன் நின்றுவிடுகிறான். இழுக்காதீர்கள், இழுத்தால் இன்னும் வேரூன்றுவான். அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு ஒரு சின்ன வட்டமாக அவனைத் திருப்பி நடக்கத் தொடங்கினால் பெரும்பாலும் கால் எடுத்துவைப்பான். இரண்டு கிழமைக்கு ஒரே அமைதியான தெரு, ஒரே வழி. சலித்துப்போவது நீங்களாகத்தான் இருக்கும்.

நடையைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. திறந்த பூங்காவில் அவனை ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்தும் வேண்டாம். பெயர் சொல்லி அழைக்கும் உங்கள் குரல் அணிலைக் கண்ட நாயின் காதில் ஏறாது. அவன் சில பாய்ச்சலிலேயே முழு வேகத்துக்கு வந்து, நீங்கள் இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் வீதியில் நிற்பான். ஓட்டம் பார்க்க ஆசையென்றால் உயர்ந்த வேலியடைத்த திடல்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள், அங்கே கொண்டுபோங்கள். தலை ஒடுங்கி கழுத்து தடித்திருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டி பின்பக்கமாக உருவிக்கொண்டுவிடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலப்பட்டி வேண்டும். சுருள்விரிந்து நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். அதன் நுனிவரை வேகமெடுத்துப் போய்க் கழுத்து வெட்டி இழுபட்டால் அவனுக்கும் ஆபத்து, உங்கள் விரலுக்கும் ஆபத்து. சின்ன நாய்களை எப்படிப் பார்க்கிறான் என்று தெரியும்வரை வாய்க்கூடு போட்டே நடங்கள். அது அவனுக்குப் பழகிய சாமான், பார்ப்பவர்கள்தான் பரிதாபப்படுவார்கள்.

இரவு அழுகையும் வெள்ளிக்கிழமைக் குரைப்பும் ஒரே வேரிலிருந்து வருபவை. பக்கத்தில் இன்னொரு நாய் மூச்சுவிடும் சத்தம் இல்லாமல் அவன் ஓர் இரவும் தூங்கியிருக்க மாட்டான். நீங்களோ விளக்கை அணைத்துவிட்டு, அவன் வாழ்க்கையில் கண்டிராத படிக்கட்டில் ஏறி மறைந்துபோகிறீர்கள். கணவரை ஒரு பத்து நாள் கீழே படுக்கச் சொல்லுங்கள். சோபா இப்போது காலியாகத்தானே இருக்கிறது! அவன் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய பிறகு, கணவர் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் படுக்கட்டும். படிக்கட்டுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போடுங்கள். ஏறிவிட்டால் இறங்கத் தெரியாமல் மேலிருந்து பாய்ந்து கால் முறித்துக்கொண்ட கிரேஹவுண்டுகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவில் அவன் கண் மட்டத்தில் நாலைந்து ஸ்டிக்கர்களை ஒட்டிவிடுங்கள். கண்ணாடியும் அவனுக்குப் புதிது.

தனிமையைப் பழக்குவதில் உங்கள் வீட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: மாமி எப்போதும் வீட்டில் இருக்கிறார். பன்னிரண்டு நாளில் அவன் தனியாக இருந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் முதல் தடவையிலேயே இரண்டு மணி நேரம். அரை நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் செருப்பைப் போட்டு, கதவைச் சாத்தி, குப்பைத்தொட்டிவரை போய்த் திரும்பி வாருங்கள். வந்ததும் கொஞ்சிக் குலாவ வேண்டாம், ஒன்றும் நடக்காததுபோல் இருங்கள். அரை நிமிடம் ஐந்து நிமிடமாகி, ஐந்து நிமிடம் அரை மணியாக ஒரு மாதமேனும் எடுக்கும். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் முறை வைத்து வீட்டில் நிற்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவைத்தால் அவரும் பொறுத்துக்கொள்வார்.

வயிறு இளகுவதற்குத் தீனி மாறியதும் இடம் மாறியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. பகலில் அவனோடு வீட்டில் இருப்பவர் மாமி. நாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் நம்மவர்தான் மத்தியானம் குசினியில் நின்று "பாவம், எலும்பும் தோலுமாக இருக்கிறது" என்று குழம்பும் சோறும் போடுபவர். இதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். என் ஊகம் பிழையென்றால் மாமி என்னை மன்னிக்க வேண்டும். சரியென்றால் இதைச் சொல்லுங்கள்: விலா எலும்புகளின் கடைசி இரண்டு மூன்று தெரிவதுதான் இந்த நாய்க்கு அழகான நிறை. வெங்காயமும் உள்ளியும் அவனுடைய சிவப்பணுக்களை உடைக்கும், நம் கறி எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராக உடைந்து குடலைக் குத்தும். எல்லாவற்றிலும் மோசம் பாயாசத்திலும் கேசரியிலும் போடும் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை. அது கொஞ்சம் போனாலும் சில நாய்களுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். மாமிக்குக் கொடுக்க ஆசையென்றால் உப்பும் காரமும் இல்லாமல் அவித்த கோழி இறைச்சியில் எலும்பு நீக்கி ஒரு சின்னத் துண்டு, வெறும் சோறு ஒரு பிடி. அதையும் அவரே கையால் கொடுக்கட்டும். அவருக்கும் நாய்க்கும் இடையே உள்ள வழக்கு அதிலேயே பாதி தீரும். பத்து நாளில் வயிறு கட்டாவிட்டால் மலத்தைச் சோதிக்கக் கொடுங்கள், கொட்டிலிலிருந்து வரும் நாய்களுக்குப் பூச்சியும் இருக்கலாம்.

தீபாவளிக்கு இந்த நாட்டில் இரவு ஒரு மணிவரை வெடி வெடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது; இங்குள்ளவர்கள் வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவான நவம்பர் 5 ஆம் திகதியும் அதையொட்டியே வரும். ஆகவே ஒரு நாளோடு முடியும் விடயம் அல்ல. இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள். திரைச்சீலைகளை இழுத்து, தொலைக்காட்சியைக் கொஞ்சம் கூட வைத்து, யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் இருங்கள். முன்கதவு திறந்து மூடும் வீட்டில் அன்று அவன் நழுவி ஓடக்கூடும். கழுத்தில் உங்கள் பெயரும் முகவரியும் பொறித்த வில்லை, சட்டப்படி வீதியில் கட்டாயம். அன்று வீட்டுக்குள்ளும் இருக்கட்டும். மைக்ரோசிப் பதிவு உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். மிகவும் நடுங்குவானானால் அதற்கு மருந்து உண்டு, ஒரு கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். சுவாமி அறையில் தரையில் விளக்கு ஏற்றுகிறீர்களென்றால் அவன் வாலின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

கடைசியாக அந்தப் பல் அடிப்பது. அவன் கணவரைக் கண்டு எழுந்து வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, காதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும்போதுதான் அது நடக்கிறது என்றால் குளிருமில்லை, வலிப்புமில்லை. சந்தோசம் தாங்காத கிரேஹவுண்டு பல்லைக் கிடுகிடுக்கும். இப்போது கணவருக்கு மட்டும்தான் அப்படிச் செய்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து யாருக்குச் செய்கிறான் என்று எழுதி அறிவியுங்கள். என் ஊகம் மாமி.